காரில் தூங்கிப் பயணம் போக ஆசையா? முதல் இரவை வீட்டு வாசலில் கழியுங்கள்

பங்குனி உத்திரத்துக்குப் பகாங் மாநிலத்து மாரான் மரத்தாண்டவர் கோயிலுக்குப் போய்ப் பழகிய குடும்பங்களுக்கு வண்டியில் தூங்குவது புதிது இல்லை. என் அப்பா காலத்தில் தோட்டத்து லோரியில் பாய் விரித்து, மேலே கென்வஸ் இழுத்துக் கட்டி, சோற்றுச் சட்டியோடு கிளம்பினார்கள். இன்று சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைகளிடம் மைவி, சாகா, அல்சா என்று கார்கள் இருக்கின்றன. போக ஆசையும் இருக்கிறது. ஆனால் இணையத்தில் பார்க்கும் வீடியோக்களில் கூரைமேல் கூடாரம், பெரிய மின்பெட்டி, குளிர்பெட்டி என்று ஆயிரக்கணக்கான ரிங்கிட்டுக்குச் சாமான் காட்டுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, நமக்கு இது சரிப்படாது என்று பலர் விட்டுவிடுகிறார்கள்.

அவ்வளவு செலவு தேவையில்லை. நூறு ரிங்கிட்டுக்குள் தொடங்கலாம். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்காதீர்கள். மூன்று இரவுகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் இரவு வீட்டு வாசலில், இரண்டாவது ஒரு மணி நேரத் தொலைவில், மூன்றாவதுதான் நீண்ட பயணம். ஒவ்வோர் இரவும் அடுத்து எதை வாங்க வேண்டும் என்று காட்டிக்கொடுக்கும்.

முதல் இரவு: வாசலில்

இதற்கு மூன்றே சாமான்கள் போதும்: படுக்கை, ஜன்னல் வலை, நெற்றி விளக்கு.

படுக்கையிலிருந்து தொடங்குவோம். மைவி போன்ற காரில் பின் இருக்கையை மடக்கினால் நடுவில் ஒரு மேடு வரும், தரையும் சமமாக இருக்காது. முன் இருக்கைகளை முழுவதும் முன்னால் தள்ளிவிட்டு, பள்ளமான இடத்தில் துணிப் பைகளை அடுக்கி நிரப்புங்கள். அதன்மேல் ஒரு ஸ்பாஞ்ச் மெத்தை. மெத்தைக் கடையில் அளவு சொன்னால் வெட்டிக் கொடுப்பார்கள். இரண்டு விரற்கடை கனம் போதும். வீட்டில் பழைய மெத்தை இருந்தால் அதையே வெட்டிக்கொள்ளலாம். கார் சரிவில் நின்றால் தலை மேட்டுப்பக்கம் இருக்கட்டும். சாகா போன்ற காரில் முன் இருக்கையைப் பின்னால் சாய்த்துப் படுப்பதே சுலபம். அல்சாவில் பின் வரிசைகளை மடக்கினால் இரண்டு பேர் காலை நீட்டிப் படுக்கலாம். காற்றடைத்துப் பின் இருக்கையில் போடும் மெத்தையை மட்டும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். அதன் பிளாஸ்டிக் முதுகில் ஒட்டும், நம் ஊர் வெக்கைக்கு ஒத்துவராது. நள்ளிரவில் காற்று இறங்கினால் தூக்கமும் போச்சு.

அடுத்தது ஜன்னல் வலை. என்னைக் கேட்டால், இந்தப் பட்டியலிலேயே மிகப் பயனுள்ள பொருள் இதுதான். காலுறை மாதிரி கதவின் மேல்பகுதி முழுவதையும் மூடும்படி தைத்த வலை இருக்கிறது. இரண்டு வலை ஏறக்குறைய இருபது ரிங்கிட்டுக்குக் கிடைக்கும். கதவைத் திறந்து மேலிருந்து மாட்டி இழுத்துவிட வேண்டியதுதான். கண்ணாடியை இறக்கினாலும் கொசு வராது, கதவையும் திறந்து மூடலாம். காந்தம் வைத்த வலையும் விற்கிறார்கள். ஆனால் ஜன்னல் ஓரத்தில் இரும்பு இல்லாமல் ரப்பரோ பிளாஸ்டிக்கோ இருந்தால் காந்தம் பிடிக்காது. வாங்குமுன் வீட்டிலிருக்கும் ஏதாவது காந்தத்தைக் காரில் வைத்துப் பாருங்கள்.

டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசு விடியற்காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும்தான் அதிகமாகக் கடிக்கும். அதனால் இருட்டிய பிறகு வலை மாட்டினால் தாமதம். மாலை ஆறு மணிக்கே மாட்டி, உள்ளே புகுந்த கொசுவை அடித்து முடித்துவிடுங்கள். கொசுவர்த்தியைக் காருக்குள் கொளுத்தக் கூடாது. மூடிய சிறிய இடத்தில் அந்தப் புகை நுரையீரலுக்குக் கெடுதல், மெத்தையில் நெருப்பு பிடிக்கும் அபாயமும் உண்டு. காருக்கு வெளியே, காற்று வரும் பக்கமாக வையுங்கள்.

மழை பெய்தால் கண்ணாடியை மூட வேண்டி வருமே என்று கேட்பீர்கள். அதற்குத்தான் கதவு ஜன்னலுக்கு மேல் ஒட்டும் 'ஏர் பிரஸ்' என்னும் பிளாஸ்டிக் மறைப்பு. உங்கள் காரில் இல்லையென்றால் போட்டுவிடுங்கள். எதிரெதிர்ப் பக்கத்து இரண்டு ஜன்னல்களை இரண்டு விரல் அளவுக்கு இறக்கி வைத்தால் மழைநீர் உள்ளே வராது, காற்றோட்டமும் இருக்கும். எல்லாவற்றையும் இறுக மூடி இரண்டு பேர் தூங்கினால், மூச்சின் ஈரம் கண்ணாடியில் படிந்து காலையில் தண்ணீராக வடியும்.

மூன்றாவது, நெற்றி விளக்கு. என் அம்மா இருபது வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். மரத்தில் பால் நன்றாக வடிவது குளிர்ச்சியான விடியற்காலையில்தான். அதனால் பிரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, முடிந்து இருட்டிலேயே தங்கள் மர வரிசையான நிரைக்குப் போய்விடுவார்கள், நெற்றியில் விளக்கோடு. நான் கையில் பிடிக்கும் டார்ச் லைட் வாங்கி வந்ததைப் பார்த்து அம்மா சொன்னார்: "கை ரெண்டும் சும்மா இருந்தாத்தான்யா வேலை நடக்கும்." அது எவ்வளவு உண்மை என்பது இருட்டில் டயர் மாற்றும்போது தெரியும், மழையில் கென்வஸ் கட்டும்போது தெரியும், பிள்ளையைக் கழிவறைக்கு அழைத்துப் போகும்போதும் தெரியும். யூஎஸ்பியில் சார்ஜ் ஆகும் நெற்றி விளக்கு இருபது ரிங்கிட் அளவில் கிடைக்கிறது. மஞ்சள் வெளிச்சமும் தரக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள். வெள்ளை வெளிச்சத்துக்கு வரும் அளவுக்குப் பூச்சிகள் மஞ்சளுக்கு வருவதில்லை.

சரி, இப்போது காரை வாசலில் நிறுத்தி, உள்ளே போய்ப் படுங்கள். வீட்டுக்குள் ஓடி வராமல் விடியும்வரை இருந்து பாருங்கள். காலையில் ஒரு தாளில் எழுதுங்கள்: உடம்பில் எங்கே வலித்தது, எத்தனை மணிக்குப் புழுக்கம் தாங்கவில்லை, இருட்டில் எதைத் தேடினீர்கள். அடுத்து வாங்க வேண்டியவை அந்தத் தாளிலேயே இருக்கும்.

ஒன்றை மட்டும் அந்த முதல் இரவிலேயே வீட்டில் எல்லோருக்கும் சட்டமாகச் சொல்லிவிடுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, ஏர்கோன் போட்டுக்கொண்டு தூங்கக் கூடாது. புகைக்குழாயிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஓட்டையான குழாய் வழியாகவோ காற்றில்லாத இடத்தில் தேங்கியோ உள்ளே வந்தால், தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது. நம் நாட்டிலேயே இப்படிக் காருக்குள் இளம் பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் இருக்கின்றன. பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் விற்கிறார்கள், வாங்கி வைப்பது நல்லதுதான். ஆனால் கருவி இருக்கிறதே என்ற தைரியத்தில் எஞ்சினை ஓடவிடாதீர்கள்.

இரண்டாவது இரவு: பக்கத்தில் ஓர் இடம், கொஞ்சம் மின்சாரம்

சுங்கை சிப்புட்டிலிருந்து கோலகங்சார் தாண்டி லெங்கோங் பக்கம் லாத்தா கெக்காபு நீர்வீழ்ச்சி இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓட்டம். சரிப்படவில்லை என்றால் இரவோடு இரவாக வீடு திரும்பிவிடலாம். இரண்டாவது இரவுக்கு இந்த மாதிரி தொலைவுதான் வேண்டும்.

வாசலில் படுத்தபோது பெரும்பாலும் புழுக்கம்தான் தொல்லை கொடுத்திருக்கும். யூஎஸ்பி விசிறி ஒன்றும் பவர்பேங்க் ஒன்றும் வாங்குங்கள். இங்கே ஒரு கணக்குத் தெரிந்தால் ஏமாறமாட்டீர்கள். 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்று போட்ட பவர்பேங்க்கின் உள்ளே இருக்கும் செல் 3.7 வோல்ட். இரண்டையும் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74 வாட்-மணி. இதில் ஒரு பகுதி உள்ளுக்குள்ளேயே சூடாகப் போய்விடும். கைக்கு 50 முதல் 60 வாட்-மணி வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 4 வாட் விசிறியை அதில் செருகினால் பன்னிரண்டு மணி நேரம் ஓடும். ஓர் இரவுக்குத் தாராளம். அதே பவர்பேங்க்கில் மூன்று கைத்தொலைபேசிகளையும் சார்ஜ் போட்டால் விடியுமுன் விசிறி நின்றுவிடும். அதனால் தொலைபேசிகளை வழியிலேயே, கார் ஓடும்போதே சார்ஜ் ஏற்றிவிடுங்கள்.

பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் 50,000 என்று பெரிதாக எழுதிய பவர்பேங்க் ஒன்றை மலிவாக வாங்கினேன். கையில் எடுத்தால் சவர்க்காரக் கட்டி அளவு கனம்கூட இல்லை. இரண்டு மணி நேரத்தில் விசிறி நின்றது. எழுத்தை நம்பாமல் எடையை நம்புங்கள். உண்மையான 20,000 பெரும்பாலும் 350 முதல் 450 கிராம் வரை இருக்கும். பெட்டியின் பின்பக்கத்துப் பொடி எழுத்தில் 5 வோல்ட்டில் எவ்வளவு கிடைக்கும் என்றும் போட்டிருப்பார்கள். அதில் 12,000 அளவில் இருந்தால் நேர்மையான பொருள். வீட்டு மின்சாரத்தில் செருகும் சார்ஜருக்குச் சிரிம் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பவர்பேங்க்கை வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது.

கார் பேட்டரியே இருக்கிறதே, அதில் விளக்கு போட்டால் என்ன என்று தோன்றும். சிறிய காரின் பேட்டரி ஏறக்குறைய 35 ஆம்பியர்-மணிதான். அதில் பெரும்பங்கு காலையில் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். ஒரு வருடம் மாரான் கோயிலில் கார் நிறுத்துமிடத்தில் உள்விளக்கு, தொலைபேசி, வானொலி எல்லாவற்றையும் விடிய விடிய ஓடவிட்டோம். காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தத்தோடு சரி. பக்கத்துக் காரில் வந்திருந்த ஓர் அண்ணன் ஜம்பர் கேபிளோடு ஓடி வந்தார். அன்றிலிருந்து இரண்டு பொருள் இல்லாமல் நான் கிளம்புவதில்லை.

ஒன்று வோல்ட் மீட்டர். சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சிறிய எண்காட்டி, பத்துப் பதினைந்து ரிங்கிட்தான். கார் சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு 12.6 காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. அங்கேயே எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். அதற்குக் கீழே நின்றால் பயணத்துக்கு முன்பே பட்டறையில் காட்டுவது நல்லது. பல கார்களில் சாவியை ஒரு படி திருப்பினால்தான் அந்தத் துளைக்கு மின்சாரம் வரும். எண்ணைப் பார்த்ததும் சாவியைத் திருப்பி எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று ஜம்பர் கேபிள். நல்ல தடிமன் உள்ளதாக வாங்குங்கள். மெல்லியது சூடாகும், வேலையும் செய்யாது. மாட்டும் முறையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். இரண்டு எஞ்சின்களும் அணைந்திருக்கட்டும். சிவப்பின் ஒரு முனை செத்த பேட்டரியின் கூட்டல் முனையில், மறுமுனை நல்ல பேட்டரியின் கூட்டல் முனையில். கறுப்பின் ஒரு முனை நல்ல பேட்டரியின் கழித்தல் முனையில். கடைசி முனையைச் செத்த பேட்டரியில் மாட்டாதீர்கள். அந்தக் காரின் எஞ்சினில், பேட்டரியிலிருந்து தள்ளி, பெயின்ட் இல்லாத இரும்பில் மாட்டுங்கள். கடைசியாக மாட்டும் இடத்தில்தான் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து வரும் வாயு தீப்பற்றக்கூடியது. நல்ல காரை முதலில் கிளப்பி, சில நிமிடம் ஓடவிட்டு, அப்புறம் செத்த காரைக் கிளப்புங்கள். கழற்றும்போது இதே வரிசையைத் தலைகீழாகச் செய்யுங்கள்.

அந்த லைட்டர் துளையில் செருகும் கெட்டில், குக்கர் பக்கமே போகாதீர்கள். அதன் பியூஸ் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர். அதாவது 120 முதல் 180 வாட்டுக்கு மேல் தாங்காது. வீட்டுச் சோற்றுக் குக்கரே 400 வாட்டுக்கு மேல் கேட்கும். கார் கெட்டிலில் அரை லிட்டர் தண்ணீர் கொதிக்க அரை மணி நேரம் ஆகும். அதற்குப் பதில் ஒரு நல்ல பிளாஸ்க் வாங்குங்கள். ஒட்டுக்கடையில் தே தாரிக் குடிக்கும்போது சுடுதண்ணீர் கேட்டால் ஊற்றித் தருவார்கள். விடியற்காலை மைலோவுக்கு அது போதும்.

மூன்றாவது: கிரிக் வழியாகக் கிளந்தான்

இப்போது நீண்ட பயணத்துக்கு வருவோம். கிரிக்கிலிருந்து ஜெலி போகும் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலை 1982இல் திறந்தது. தெமெங்கோர் ஏரியையும் பண்டிங் தீவையும் தாண்டி, காட்டுக்குள்ளேயே நூறு கிலோமீட்டருக்கு மேல் போகும். அழகான பாதை. ஆனால் வழியில் கடை குறைவு, தொலைபேசி அலைவரிசை விட்டு விட்டுத்தான் வரும், மாலைக்கு மேல் சாலையில் யானை நிற்கும். கிரிக்கில் எண்ணெய் நிரப்பிக்கொண்டு, பகலிலேயே கடந்துவிடுங்கள். யானையைக் கண்டால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹாரன் அடிக்காதீர்கள், படம் எடுக்க இறங்காதீர்கள்.

இந்த மாதிரி பாதைக்குத்தான் 12 வோல்ட் டயர் பம்பு. ஐம்பது அறுபது ரிங்கிட் பம்பு போதும். பட்டணத்தில் எண்ணெய் நிலையத்தில் காற்று கிடைக்கும், நடுக்காட்டில் ஆணி குத்தி மெல்லக் காற்று இறங்கினால் அடுத்த ஊர்வரை கொண்டுசேர்ப்பது இந்தப் பம்புதான். எஞ்சினை ஓடவிட்டுப் பயன்படுத்துங்கள். மலிவான பம்பு சீக்கிரம் சூடேறும், பத்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து ஓட்டாமல் ஆறவிடுங்கள். எவ்வளவு காற்று வேண்டும் என்பது ஓட்டுநர் கதவுப்பக்கத்துத் தூணில் ஒட்டியிருக்கும். ஆளும் சாமானும் நிறைய இருந்தால் அதற்கான தனி அளவும் அங்கே இருக்கும். புறப்படும் முன், டயர் குளிர்ந்திருக்கும்போது, ஸ்பேர் டயரோடு சேர்த்து ஐந்தையும் பாருங்கள். ஸ்பேரை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

சமையலுக்கு, வீட்டில் ஸ்டீம்போட் சாப்பிட மேசையில் வைக்கும் சின்ன கேஸ் அடுப்பே போதும். காருக்குள்ளும் மூடிய கூடாரத்துக்குள்ளும் பற்றவைக்கக் கூடாது. இதிலும் அதே கார்பன் மோனாக்சைடு பிரச்சினைதான். அடுப்பைவிட அகலமான சட்டியை வைத்தால் சூடு பக்கத்திலிருக்கும் கேஸ் குப்பியின்மேல் இறங்கும், குப்பி வெடிக்கலாம். காற்றுக்கு மறைப்பாகத் தகடு சுற்றி அடைத்தாலும் இதே ஆபத்து. குப்பிகளை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவைக்காதீர்கள், பயணம் முடிந்ததும் வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு என் யோசனை எளிது. முதல் நாளுக்குப் புளிச்சோறும் நெத்திலிச் சம்பலும் கட்டிக்கொள்ளுங்கள். புளி சேர்ந்ததால் அன்று முழுக்கத் தாங்கும். பச்சைக்கோழி, மீன் எல்லாம் வேண்டாம். மீன்கடையில் கிடைக்கும் வெள்ளை போம் பெட்டியே நல்ல குளிர்பெட்டி. ஐஸ்கட்டி வாங்கிக் கொட்டாமல், ஒன்றரை லிட்டர் போத்தல்களில் தண்ணீர் நிரப்பி முதல் நாளே உறைய வையுங்கள். பெட்டிக்குள் அவற்றை மேலே வையுங்கள், குளிர் கீழே இறங்கும். உருகிய பிறகு அதுவே குடிநீர், பெட்டியும் நனையாது.

எங்கே நிறுத்துவது? நெடுஞ்சாலை ஓரத்து அவசரப் பாதையில் ஒருபோதும் வேண்டாம். ஆர் அண்ட் ஆர் ஓய்விடங்களில் கழிவறையும் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருக்கும். கோயில் வளாகம் என்றால் நிர்வாகத்திடம் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். செம்பனைத் தோட்டத்துச் சாலை அமைதியாகத்தான் இருக்கும். ஆனால் அது தனியார் நிலம், அனுமதி இல்லாமல் போகக் கூடாது. முகாம் இடம் என்றால் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். 2022 டிசம்பர் 16 விடியற்காலை பத்தாங் காலியில் முகாம் ஒன்றின்மேல் மலைச்சரிவு விழுந்து 31 பேர் உயிரிழந்தார்கள். எல்லோரும் தூக்கத்தில் இருந்த நேரம் அது. வெட்டிய மலைச்சரிவின் அடியிலும், ஆற்றங்கரை மணலிலும் காரை நிறுத்தாதீர்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் மழை இல்லாவிட்டாலும் மேலே மலையில் பெய்தால் 'கெப்பாலா ஆயிர்' என்னும் திடீர் வெள்ளம் வரும். தண்ணீர் திடீரென்று கலங்கி, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், சாமானை விட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறுங்கள். நவம்பரிலிருந்து பருவமழை கிழக்குக் கரையைத்தான் அதிகம் தாக்கும். கிளந்தான் பயணத்தை அந்த மாதங்களில் வைக்காதீர்கள்.

காரை எப்போதும் வெளியேறும் திசை பார்த்து நிறுத்துங்கள். சாவி இரவெல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும், கூட வந்திருக்கும் எல்லோருக்கும் அந்த இடம் தெரியட்டும்.

வீடு திரும்பிய மறுநாள் வலைகளையும் மெத்தையையும் வெயிலில் போடுங்கள். ஈரத்தோடு மடித்தால் நம் ஊரில் இரண்டு நாளில் பூஞ்சை பிடித்துவிடும். பவர்பேங்க்கைப் பாதி சார்ஜில் வையுங்கள். வோல்ட் மீட்டர், ஜம்பர் கேபிள் இரண்டும் காரிலேயே இருக்கட்டும். மற்றவற்றை ஒரே பெட்டியில் போட்டு, மூடியின் உட்பக்கம் பட்டியலை ஒட்டிவிடுங்கள். அந்தப் பயணத்தில் தொடவே தொடாத சாமான் இருந்தால் பெட்டியிலிருந்து எடுத்துவிடுங்கள். மருந்துப் பையையும் டயர் பம்பையும் மட்டும் எடுக்காதீர்கள்.